வசிப்பிடம் என்னும் குற்றம்

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் விமான நிலையத்தில் நிரப்பித் தரும் படிவத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. பெயர், பிறந்த தேதி, தேசியம், வசிக்கும் இடம். 2009 நவம்பர் 13 அன்று லாயூன் விமான நிலையத்தில் அமினத்து ஹைதர் அப்படியொரு படிவத்தை நிரப்பினார். நியூயார்க்கில் மனித உரிமைப் பணிக்கான ஒரு விருதைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வசிக்கும் இடம் கேட்ட வரியில் 'மேற்கு சகாரா' என்று எழுதினார். மொராக்கோ நாட்டவள் என்று எழுத மறுத்தார். அதிகாரிகள் அவருடைய கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டார்கள். மறுநாள் அவரை விமானமேற்றி, ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்சரோட்டே தீவில் இறக்கிவிட்டார்கள். அவருடைய வீடும் இரண்டு பிள்ளைகளும் லாயூனில் இருந்தார்கள்.

ஒரு பிரதியை வாசிப்பது போல அந்தப் படிவத்தை வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். அதில் அவர் சேர்த்தது இரண்டு சொற்கள்தான். அவை முழக்கமல்ல, கவிதையுமல்ல. தபால்காரருக்குச் சொல்வதைப் போல ஓர் ஊர்ப்பக்கத்தின் பெயர். அந்தப் பெயரைக் கண்டு ஓர் அரசு ஏன் இவ்வளவு கலங்க வேண்டும்? மனித உரிமைச் செயல்பாட்டாளர்கள் மீதான ஒடுக்குமுறையைப் பற்றி எழுதப்படும் அறிக்கைகள், செய்திகள், புகழுரைகள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி நழுவிவிடுகிறது. நமக்குக் கிடைப்பது துன்பப்படும் ஒரு பெண்ணின் படம் மட்டுமே. அவர் எழுதிய சொல் கிடைப்பதில்லை.

மேற்கு சகாரா 1975 வரை ஸ்பெயினின் காலனி. 1963 முதல் ஐக்கிய நாடுகள் சபையின் 'தன்னாட்சி பெறாத நிலப்பகுதிகள்' பட்டியலில் இருக்கிறது. 1975 அக்டோபரில் சர்வதேச நீதிமன்றம், அந்த மண்ணுக்கும் மொராக்கோவுக்கும் மொரிட்டானியாவுக்கும் பழைய உறவுகள் சில இருந்தாலும், அங்குள்ள மக்களின் சுயநிர்ணய உரிமையைத் தடுக்கக்கூடிய இறையாண்மை உறவு எதுவும் இல்லை என்று கருத்துரைத்தது. அடுத்த மாதமே மொராக்கோ மூன்றரை லட்சம் பேரைத் திரட்டி 'பசுமைப் பேரணி' என்ற பெயரில் எல்லையைத் தாண்டச் செய்தது. ஸ்பெயின் விலகிக்கொண்டு நிலத்தை மொராக்கோவிடமும் மொரிட்டானியாவிடமும் விட்டது. 1979இல் மொரிட்டானியாவும் விலக, அந்தப் பகுதியையும் மொராக்கோ எடுத்துக்கொண்டது. போலிசாரியோ முன்னணி 1991 வரை போரிட்டது. பின் போர்நிறுத்தம். மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதற்கென்றே ஐ.நா. ஒரு குழுவை அனுப்பியது. மினுர்சோ என்பது அதன் பெயர். அந்த வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. சுமார் 2,700 கிலோமீட்டர் நீள மணல் மதில் நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. மதிலுக்கு மேற்கே மொராக்கோவின் ஆட்சியில் ஒரு பகுதி சஹ்ராவி மக்கள். பெரும் எண்ணிக்கையிலான இன்னொரு பகுதியினர் அல்ஜீரியாவின் தின்தூஃப் அருகே அகதி முகாம்களில் அரை நூற்றாண்டாக வாழ்கிறார்கள்.

இப்போது படிவத்துக்குத் திரும்பினால், அந்த இரண்டு சொற்களின் கனம் தெரியும். 'யார் ஆள்வது என்று எங்களிடம் இன்னும் கேட்கவில்லை' என்பதை ஒரு முகவரியாகச் சுருக்கி எழுதியிருக்கிறார் ஹைதர்.

*

நாளிதழ்களில் இப்படிப்பட்ட இடங்களுக்கு வழங்கும் சொல் 'சர்ச்சைக்குரிய பகுதி'. நானும் வேறு சொல்லின்றி இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் சர்ச்சை என்றதும் மனதில் என்ன தோன்றுகிறது? பட்டிமன்ற மேடை. இரண்டு அணிகள், எதிரெதிரே நாற்காலிகள், நடுவில் ஒரு நடுவர். கண்ணைக் கட்டி அறையில் போடப்பட்ட பெண்ணுக்கும் அவளை அங்கே போட்டவருக்கும் இடையே நடப்பதைச் சர்ச்சை என்று எந்தத் தமிழில் சொல்வது? அரசுகளுக்கு நடுவே நிலம் சர்ச்சைக்குரியதாக இருக்கலாம். அந்த நிலத்தில் ஒருத்தி அடிபட்டாள் என்பதில் சர்ச்சைக்கு இடமில்லை. அடித்ததும் அடிபட்டதும் நடந்தவை. ஆனால் நிலத்தைப் பற்றிய அடைமொழி மெல்ல நகர்ந்து அந்த நிலத்தின் மனிதர்கள் மீதும் ஒட்டிக்கொள்கிறது. அவர்கள் சொல்லும் சாட்சியமும் 'சர்ச்சைக்குரியது' ஆகிவிடுகிறது. 'என்று அவர் குற்றம் சாட்டுகிறார்', 'அதிகாரிகள் மறுக்கிறார்கள்' என்ற இரண்டு வாக்கியங்களோடு செய்தி முடிந்துவிடுகிறது.

தமிழ் இந்த விஷயத்தில் ஒரு நல்ல காரியத்தையும் செய்திருக்கிறது. 'காணாமல் போனோர்' என்றுதான் முன்பு எழுதிவந்தோம். 'போதல்' தன்வினை. காணாமல் போனவருக்குக் காணாமல் போனவரே எழுவாய். சந்தையில் கைதவறிய குழந்தையும் இராணுவ வண்டியில் ஏற்றப்பட்ட இளைஞனும் இந்தச் சொல்லில் ஒன்றாகிவிடுவார்கள். ஈழத்துத் தாய்மார்கள் இந்தச் சொல்லை ஏற்கவில்லை. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றார்கள். 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் தொடங்கிய அவர்களுடைய போராட்டத்தின் பதாகைகளில் அந்தச் சொல் இருந்தது. வினையைப் பிறவினையாக்கி, செயப்பாட்டு வடிவத்தில் நிறுத்தியதும், செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதை வாக்கியத்தின் இலக்கணமே சொல்லத் தொடங்கிவிட்டது. இலக்கணத்தை வகுப்பில் சூத்திரமாகப் படிக்கும் மாணவிகளுக்கு நான் காட்ட விரும்பும் உதாரணம் இதுதான்.

அமினத்து ஹைதருக்கு இந்தச் சொல்தான் பொருந்தும். 1987இல், இருபதை ஒட்டிய வயதில், வாக்கெடுப்பு கேட்டவர்களோடு சேர்ந்ததற்காக அவர் காணாமல் ஆக்கப்பட்டார். நாலாண்டுக் காலம் இரகசியச் சிறையில், பெரும்பாலும் கட்டிய கண்களுடன். குற்றப்பத்திரிகை கிடையாது, விசாரணை கிடையாது, வீட்டாருக்குத் தகவலும் கிடையாது. 1991இல் வெளியே வந்தார். 2005 ஜூனில் லாயூன் தெருவில் காவலர்களால் அடிபட்டு, தலையில் தையலோடு கைதாகி, ஏழு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 2009இல் படிவம்.

*

லான்சரோட்டே விமான நிலையத்திலேயே அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். 32 நாட்கள். உலகின் கவனம் திரும்பியது. 'சகாராவின் காந்தி' என்ற பட்டம் எங்கும் ஒலித்தது. பாராட்டாகத்தான் சொன்னார்கள். ஆனால் பெண்ணியவாதிகளாகிய நாம் அந்தப் பாராட்டைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஒரு பெண்ணின் அரசியலைப் புரிய வைக்க ஓர் ஆணின் பெயர் தேவைப்படுகிறது. இது நமக்குப் புதிதல்ல. இரண்டாவதுதான் முக்கியம். காந்தி என்றதும் கவனம் முழுக்க வழிமுறையின் மீது போய்விடுகிறது. பட்டினி, பொறுமை, அகிம்சை, வாடும் உடல். கோரிக்கை பின்னுக்குப் போகிறது. ஹைதர் கருணை கேட்கவில்லை. ஸ்பெயின் அவருக்கு அகதித் தகுதி தர முன்வந்தது, குடியுரிமை தரவும் முன்வந்தது. இரண்டையும் மறுத்தார். ஏற்றிருந்தால் உயிர் ஆபத்து அன்றே நீங்கியிருக்கும். ஆனால் தன் வீட்டுக்குள் அவர் வெளிநாட்டவராகியிருப்பார். படிவத்தில் அவர் எழுதியதைத் தானே அடித்துவிட்டதாக அது ஆகியிருக்கும். அந்த மறுப்பில் தியாகத்தைவிட அதிகமாகத் தெரிவது துல்லியம். எந்தத் தாளை வாங்கினால் எந்த உரிமை போகும் என்று அறிந்த ஒருவரின் துல்லியம். டிசம்பர் 17 அன்று, படிவத்தில் எழுதியதைத் திரும்பப் பெறாமலேயே அவர் ஊர் திரும்ப விமானம் ஏறினார்.

அந்த நாட்களின் செய்திகளில் அவருடைய பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்தார்கள். தாய் செத்தால் பிள்ளைகள் என்னாவார்கள் என்ற கேள்வி அக்கறையின் குரலில் கேட்கப்பட்டது. சிறையில் உண்ணாவிரதம் இருக்கும் ஆண்களிடம் இந்தக் கேள்வி இவ்வளவு எளிதாகக் கேட்கப்படுவதில்லை. தகப்பன் போராடினால் பிள்ளைகளுக்குப் பெருமை. தாய் போராடினால் பிள்ளைகளுக்கு இழப்பு. வீட்டுக்குப் போக விடாமல் தாயைத் தடுத்தது அரசு. பிள்ளைகளைப் பற்றிய கேள்வியோ தாயிடம் கேட்கப்பட்டது.

*

சுல்தானா கயாவின் கதையில் வீடே சிறையாகிறது. போஜ்தூர் என்ற கடலோர ஊரைச் சேர்ந்தவர். 2007இல் மராகெஷ் நகரில் மாணவியாக இருந்தபோது, சஹ்ராவி மாணவர்களின் போராட்டத்தில் காவலர்கள் தாக்கியதில் ஒரு கண்ணை இழந்தார். 2020 நவம்பரில் இருபத்தொன்பது ஆண்டுப் போர்நிறுத்தம் முறிந்தது. சில நாட்களில் அவருடைய வீட்டைக் காவலர்கள் சூழ்ந்தார்கள். வெளியே போகவும் முடியாது, யாரும் உள்ளே வரவும் முடியாது. சகோதரியும் வயதான தாயும் உடன் இருந்தார்கள். ஒன்றரை ஆண்டு இப்படியே போயிற்று. கயா மொட்டைமாடியில் ஏறி நின்று சஹ்ராவிக் கொடியை அசைத்தார். அந்தக் காட்சிகள் கைப்பேசி வழியே வெளியே வந்தன.

இதற்கு நீதிமன்ற உத்தரவு எதுவும் காட்டப்படவில்லை. வீட்டுக் காவலே இல்லை என்றார்கள் அதிகாரிகள். வாசலில் காவலர்கள் ஏறக்குறைய எந்நேரமும் நிற்பதை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2021 மார்ச்சில் பதிவு செய்தது. இந்த முறையின் தந்திரத்தை யோசித்துப் பாருங்கள். கைது செய்தால் ஒரு தேதி வேண்டும், குற்றப்பிரிவு வேண்டும், வழக்கறிஞர் வருவார், மேல்முறையீடு வரும். வாசலில் ஆட்களை நிறுத்தினால் எதுவும் வேண்டாம். அரசியல் கைதிகளை எண்ணும் கணக்கில் அவள் வரவே மாட்டாள். வீட்டில்தானே இருக்கிறாள்!

பெண்ணை வீட்டில் வைப்பது யாருக்கும் விசித்திரமாகத் தெரிவதில்லை என்பதை ஆணாதிக்கம் எல்லா நாடுகளிலும் ஏற்கெனவே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. அரசு அதைக் கடன் வாங்கிக்கொள்கிறது. இந்த இடத்தில் நம் மாணவிகள் உடனே தங்கள் விடுதிக் கதவை நினைத்துக்கொள்வார்கள். மாலை ஆறரைக்கு மூடும் கதவு, வீட்டில் அண்ணன் வைக்கும் காவல். அந்த நினைப்பு தவறில்லை, புரிதலுக்கு அது ஒரு படி. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. விடுதிக் கதவுக்குப் பின்னால் இராணுவம் இல்லை. 'நானும் அவளும் ஒன்று' என்று சொல்லிக்கொள்வது சுலபம். அவளுடைய நிலம், அவளுடைய வாக்கெடுப்பு, அவளுடைய கொடி எல்லாம் அந்த ஒருமையில் கரைந்துபோகும். சகோதரித்துவம் என்ற பெயரில் நாம் அவளுடைய முகவரியை அழித்துவிடுவோம்.

வீட்டுக்குள் பல முறை காவலர்கள் நுழைந்ததையும், 2021இல் தானும் சகோதரியும் பாலியல் வன்முறைக்கு ஆளானதையும் கயா தாமே வெளிப்படையாகச் சொன்னார். அதிகாரிகள் மறுத்தார்கள். அவர் சொன்னவற்றின் விவரங்களை இங்கே நான் திரும்ப எழுதப் போவதில்லை. ஒருமைப்பாட்டுக் கட்டுரைகள் பல அதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு காயமாக வரிசைப்படுத்தி, வாசகரைக் கலங்கச் செய்து, அந்தக் கலக்கத்தோடு விட்டுவிடுகின்றன. கயா தன் உடலுக்கு நடந்ததைச் சொன்னது விசாரணை வேண்டி. அதைப் படித்து நாம் அழுதுவிட்டுப் போனால் அவர் கேட்டது கிடைக்காது. சுதந்திரமான விசாரணை நடந்ததா, யார் நடத்தியிருக்க வேண்டும், ஏன் நடத்தவில்லை என்பவைதான் எழுதப்பட வேண்டியவை.

யார் நடத்தியிருக்க வேண்டும் என்பதற்கு ஒரு விடை கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. மினுர்சோ அந்த நிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் மனித உரிமைகளைக் கண்காணிக்கும் அதிகாரம் அதற்குத் தரப்படவில்லை. 2013இல் அமெரிக்கா அந்த அதிகாரத்தைச் சேர்க்க ஒரு வரைவை முன்வைத்தது. மொராக்கோ கடுமையாக எதிர்த்து, இரு நாட்டுக் கூட்டு இராணுவப் பயிற்சியையே நிறுத்தியது. வரைவு கைவிடப்பட்டது. 2022 மார்ச்சில் கயாவின் வீட்டுக்குள் நுழைந்து முற்றுகையை உடைத்தவர்கள் அமெரிக்கத் தன்னார்வலர்கள் சிலர். ஐ.நா.வின் வண்டி அந்த வாசலுக்கு வரவில்லை. ஜூனில் கயா சிகிச்சைக்காக ஸ்பெயின் சென்றார்.

*

நஸா எல் காலிதி லாயூனைச் சேர்ந்த பத்திரிகையாளர். 'எக்கீப் மீடியா' என்ற சஹ்ராவி ஊடகக் குழுவில் பணியாற்றியவர். மொட்டைமாடிகளில் பதுங்கிப் படமெடுத்து, அங்கே நடப்பதை உலகுக்கு அனுப்பிய குழு அது. 'திருடப்பட்ட மூன்று கேமராக்கள்' என்ற 2017ஆம் ஆண்டுக் குறும்படம் அவர்களுடைய அந்த வேலையைப் பற்றியதே. 2018 டிசம்பர் 4 அன்று ஓர் ஆர்ப்பாட்டத்தில் காவலர்கள் நடந்துகொண்ட விதத்தைக் கைப்பேசியில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தபோது நஸா பிடிக்கப்பட்டார். அவர் மீது வந்த குற்றச்சாட்டு என்ன தெரியுமா? மொராக்கோ தண்டனைச் சட்டத்தின் 381ஆம் பிரிவு: உரிய தகுதியின்றி ஒரு தொழிலின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொள்வது. போலி மருத்துவரைப் பிடிக்க உதவும் வகைச் சட்டம். 2019 ஜூலையில் 4,000 திர்ஹாம் அபராதம் விதிக்கப்பட்டது.

மூன்று பெண்களையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு முறைமை தெரிகிறது. ஹைதர் மீது வந்தது படிவப் பிழை. கயா மீது எதுவுமே இல்லை. நஸா மீது வந்தது சான்றிதழ்க் குறைபாடு. மனித உரிமைக்காகப் பேசியதற்கு என்று எந்த ஆணையிலும் எழுதியிருக்காது. கொடுமையைக் கொடுமையாகச் செய்தால் உலகம் பார்க்கும். அலுவலக நடைமுறையாகச் செய்தால் கண்ணுக்கே படாது. நஸாவுக்கு எதிரான வாதத்தைப் பெண்கள் நன்றாக அறிவோம். 'நீ யார் இதைச் சொல்ல?' என்பதுதான் அது. கண்ணால் கண்டது போதாது, கண்டதைச் சொல்ல உரிமம் வேண்டும். உரிமம் தருபவரே காணப்பட்டவராகவும் இருக்கிறார். முனைவர் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு எழுதுகிற என்னைப் போன்றவர்கள் இந்த வழக்கைக் கொஞ்சம் கூடுதல் நேரம் யோசிக்க வேண்டும்.

*

ஆண்கள் சிறைப்பட்ட கதையிலும் பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் ஓரத்தில். 2010 அக்டோபரில் லாயூனுக்கு வெளியே கிதேம் இசிக் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான சஹ்ராவிகள் கூடாரம் அடித்து வேலையும் வீடும் உரிமையும் கேட்டார்கள். நவம்பர் 8 அன்று பாதுகாப்புப் படைகள் முகாமைக் கலைத்தன. மோதலில் படையினர் பதினொருவர் இறந்ததாக அரசு கூறியது. அந்த உயிர்களும் உயிர்கள்தான். அந்த மரணங்களுக்கும் நியாயமான விசாரணை வேண்டும். நடந்தது வேறு. குடிமக்கள் 25 பேரை இராணுவ நீதிமன்றம் 2013இல் விசாரித்துப் பெரும்பாலோருக்கு 20 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை தந்தது. அவர்களில் ஒருவர் நாமா அஸ்ஃபரி. முகாம் கலைக்கப்படுவதற்கு முந்தைய நாளே அவர் கைதாகிவிட்டார். தண்டனை 30 ஆண்டு. சித்திரவதையில் பெற்ற வாக்குமூலம் பற்றிய அவருடைய முறையீட்டை ஏற்று, மொராக்கோ உடன்படிக்கையை மீறியதாக ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான குழு 2016இல் முடிவு சொன்னது. மறுவிசாரணை சிவில் நீதிமன்றத்தில் நடந்தது. 2017இல் அவருடைய 30 ஆண்டு அப்படியே நின்றது.

கைதிகள் லாயூனிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மொராக்கோவின் வடக்கே உள்ள சிறைகளில் வைக்கப்பட்டார்கள். அந்தத் தொலைவு எந்தத் தீர்ப்பிலும் தண்டனையாக எழுதப்பட்டிருக்காது. அதை அனுபவிப்பவர்கள் தாய்களும் மனைவிகளும் சகோதரிகளும். பேருந்தில் இரவும் பகலும் போய், சில நிமிடம் பார்த்து, திரும்பி வர வேண்டும். அஸ்ஃபரியின் மனைவி கிளோத் மாஞ்சான் பிரெஞ்சுக்காரர். மொராக்கோவுக்குள் நுழையவே அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 2018இல் பாரிஸை அடுத்த ஊரில் 30 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 2019 ஜனவரியில்தான் கணவரைப் பார்க்க முடிந்தது. 'கைதியின் மனைவி' என்று இவர்களைக் குறிப்பிடுகிறோம். கடிதம் எழுதுவது, வழக்கறிஞரைத் தேடுவது, ஆவணம் சேர்ப்பது, கைதியின் பெயர் மறக்கப்படாமல் பார்த்துக்கொள்வது என இவர்கள் செய்வதெல்லாம் மனித உரிமைப் பணியே. உறவுப் பெயருக்குள் அந்த உழைப்பு மறைந்துவிடுகிறது.

*

ஒடுக்கப்படுவோரின் பக்கம் நிற்பது, அவர்களுடைய அமைப்பைக் கேள்வியின்றி ஏற்பதாகிவிடக் கூடாது. 2019இல் தின்தூஃப் முகாம்களில் போலிசாரியோவும் தன்னை விமர்சித்த மூவரைச் சிறைப்பிடித்துச் சில மாதங்கள் வைத்திருந்தது. மொராக்கோவைக் கேட்கும் அதே கேள்வியை அங்கும் கேட்க வேண்டும். போரின்போது ஆண்கள் களத்தில் இருக்க, முகாம்களில் பள்ளியையும் மருந்தகத்தையும் உணவுப் பங்கீட்டையும் பெண்களே கட்டி நடத்தினார்கள். முகாமைப் பற்றிய எல்லா ஆவணப்படங்களும் இதைப் பெருமையாகச் சொல்லும். ஆனால் முன்னணியின் தலைமைப் பதவியில் இதுவரை ஒரு பெண்ணும் அமர்ந்ததில்லை. விடுதலை இயக்கங்கள் பெண்களைச் சுவரொட்டியில் வைப்பதும், முடிவெடுக்கும் அறையில் வைக்காததும் நமக்குத் தெரிந்த கதை. சஹ்ராவிப் பெண்கள் அணியும் மெல்ஃபா என்ற நீண்ட துணி உலகெங்கும் எதிர்ப்பின் சின்னமாகப் படமெடுக்கப்படுகிறது. அதை அணிந்தவர் தன் சொந்த அமைப்பிடம் என்ன கேட்கிறார் என்பது படத்தில் விழுவதில்லை.

கிதேம் இசிக் கைதிகளின் சிறைவைப்பு தன்னிச்சையானது என்று ஐ.நா. பணிக்குழு 2023இல் கருத்துரைத்தது. கதவுகள் திறக்கவில்லை. அமெரிக்கா 2020இலேயே மொராக்கோவின் இறையாண்மையை ஏற்றுவிட்டது. ஸ்பெயினும் பிரான்சும் பின்னர் மொராக்கோவின் திட்டத்தின் பக்கம் சாய்ந்தன. இப்போது அந்த நிலம் மெல்ல மெல்லச் 'சர்ச்சைக்குரிய பகுதி' என்ற பெயரையும் இழந்துவருகிறது. நிலத்தைப் பற்றிய சர்ச்சை முடிந்துவிட்டதாக அரசுகள் அறிவிக்கும் நாளில், அந்த நிலத்தின் கைதிகள் வெறும் குற்றவாளிகளாகிவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் அவர்களைப் பற்றி எழுதுவதில் சொல் முக்கியமாகிறது.

இதை வாசிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். அடுத்த முறை எங்கோ ஓரிடத்தில் ஒரு பெண் மனித உரிமைச் செயல்பாட்டாளர் கைதானார் என்ற செய்தி கண்ணில் படும்போது, அவருடைய படத்தைப் பகிர்வதற்கு முன் மூன்று விவரங்களைத் தேடிப் பாருங்கள். எந்தச் சட்டப் பிரிவில் பிடித்தார்கள்? அவர் உண்மையில் என்ன சொன்னார், அல்லது எழுதினார்? தன் ஊரை அவர் என்ன பெயரிட்டு அழைக்கிறார்? மூன்றாவதற்கு விடை கிடைத்தால், அந்தப் பெயரையே எழுதுங்கள்.